கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் வரும்? ஒரு கோலாலம்பூர்க் கணக்கு

பழைய ஃபெராரி, லம்போர்கினி, ரீகண்டிஷனில் வந்த போர்ஷே என்று எதை வாங்க நினைத்தாலும், பெட்ரோல் செலவுக்கு அடுத்தபடியாக எல்லாரும் கேட்பது கிளட்சைப் பற்றித்தான். "எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும்?" இதற்கு ஒரே எண்ணில் பதில் சொல்பவரை நம்ப வேண்டாம். ஒரே மாடல், ஒரே வருடத்துக் கார், ஒருவர் கையில் 15,000 கிலோமீட்டரில் கருகிப்போகும். இன்னொருவர் கையில் 80,000 தாண்டியும் அசராமல் ஓடும்.

கார் ஓடுவதால் கிளட்ச் தேய்வதில்லை. வழுக்கும்போதுதான் தேய்கிறது. பெடலை முழுதாக விட்டபின் கிளட்ச் பிளேட்டும், எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. அங்கே உராய்வே இல்லை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஜொகூர் பாரு வரை போய்த் திரும்பினால் மீட்டரில் 650 கிலோமீட்டருக்கு மேல் ஏறும், கிளட்சில் ஏறக்குறைய ஒன்றும் குறையாது. அதே காரை மாலை ஆறு மணிக்கு ஜாலான் துன் ரசாக்கில் நான்கைந்து கிலோமீட்டர் ஊர விட்டால் ஜொகூர்ப் பயணத்தைவிடப் பல மடங்கு தேய்ந்திருக்கும். ஆகவே விற்பவர் "மைலேஜ் குறைவு, கிளட்ச் நல்லா இருக்கும்" என்றால் அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதி முதல் பாதியிலிருந்து வரவில்லை. நகரத்துக்குள் மட்டும் ஓடிய 20,000 கிலோமீட்டர் கார்தான் பெரும்பாலும் மோசமான நிலையில் இருக்கும்.

எவ்வளவு வெப்பம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 1,500 கிலோ எடையுள்ள ஒரு போர்ஷே 911-ஐ எடுத்துக்கொள்வோம். ஆறு கியர் மேனுவல் பெட்டியில் முதல் கியர் விகிதம் 3.8, டிஃப்பரன்ஷியல் விகிதம் 3.4, பெருக்கினால் ஏறக்குறைய 13. பின் டயரின் சுற்றளவு 2 மீட்டருக்குச் சற்று அதிகம். எஞ்சின் நிமிடத்துக்கு 1,200 சுற்றில் இருக்கும்போது கிளட்ச் முழுதாகப் பிடித்தால் கார் மணிக்கு 11 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் போகும். நின்ற நிலையிலிருந்து அந்த வேகம் வரும்வரை எஞ்சின் சுற்றை மாறாமல் பிடித்திருந்தால், கார் பெறும் இயக்க ஆற்றல் எவ்வளவோ அவ்வளவும் கிளட்சில் வெப்பமாக வீணாகும். இந்த வேகத்துக்கு இது 7 கிலோஜூல் சொச்சம்.

இப்போது அதே காரை 5,000 சுற்றில் வைத்துப் பாய விடுங்கள். கிளட்ச் முழுதாகப் பிடிக்கும்போது வேகம் மணிக்கு 47 கிலோமீட்டர். வெப்பம் 128 கிலோஜூல், அதாவது பதினேழு மடங்கு. சுற்று நான்கு மடங்கு கூடினால் வெப்பம் பதினாறு மடங்கு கூடும். இதில் பேரம் கிடையாது. சமிக்ஞை விளக்கில் யாரையோ மிரட்டுவதற்காக ஒருமுறை பாய்ந்தால், சாதாரணமாகப் புறப்படும் பதினேழு முறையைக் கிளட்ச் அங்கேயே செலவழித்துவிடுகிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் லான்சர் எவோ, சுபாரு எஸ்டிஐ போன்ற கார்களில் நிலைமை இன்னும் மோசம். பின் சக்கரக் கார் என்றால் டயர் சுழன்று அதிர்ச்சியில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். எவோவில் டயர் தரையை விடாது, வழுக்க வேண்டியதெல்லாம் கிளட்ச்தான்.

ஆனால் கோலாலம்பூரில் கிளட்சைக் கொல்வது பந்தயப் பாய்ச்சல் அல்ல, ஏற்றத்தில் நிற்பது. ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் கார் நிறுத்துமிடத்தின் சாய்தளத்தில் வரிசை நிற்கிறது என்று வையுங்கள். பத்தில் ஒரு பங்கு ஏற்றம். பிரேக்கைப் போடாமல், பாதி கிளட்சும் கொஞ்சம் ஆக்சிலேட்டருமாகக் காரைப் பின்னால் உருளாமல் பிடித்து நிறுத்துகிறீர்கள். கார் நகரவே இல்லை, அதனால் எஞ்சின் அனுப்பும் சக்தி முழுவதும் வெப்பமாகிறது. 1,200 சுற்றில் இது சுமார் 4.6 கிலோவாட், இரண்டு மின்சாரக் கெண்டிகளை கிளட்ச் அறைக்குள் வைத்து ஒன்றாகப் போட்டு விட்டதுபோல. பத்து விநாடி பிடித்தாலே ஆறு முறை புறப்பட்டதற்குச் சமம். ஃபிளைவீலும், கிளட்ச் பிளேட்டை அதன்மேல் அழுத்தும் பிரஷர் பிளேட்டும் சேர்ந்து 12 கிலோ வார்ப்பிரும்பு என்றால், ஒரு டிகிரி சூடேற ஏறத்தாழ 5.5 கிலோஜூல் போதும். மூன்று நிமிடம் அப்படிப் பிடித்தால், ஆறுவதைக் கணக்கில் சேர்க்காமல், சராசரியாக 150 டிகிரி கூடும். உராயும் மேற்பரப்பில் இதைவிட அதிகம். பிளேட்டின் இரு பக்கமும் உராயும் ஆர்கானிக் லைனிங் 300 டிகிரியை நெருங்கினால் அதைக் கட்டி வைத்திருக்கும் பிசின் வேகத் தொடங்கும். கருகிய நாற்றம் வருவது அந்தக் கட்டத்தில்தான். ரேடியேட்டர், ஏர்கான் எதுவும் இங்கே உதவாது. கிளட்ச் மூடிய கூட்டுக்குள் இருக்கிறது, தானாக ஆறினால்தான் உண்டு.

இந்த இடத்தில் இலகுவான ஃபிளைவீல் பற்றி ஒரு சொல். சுற்று சட்டென்று ஏறும், சத்தம் அழகாக இருக்கும் என்று பலர் 4 கிலோ ஃபிளைவீல் பூட்டுகிறார்கள். வெப்பத்தை வாங்கிக்கொள்ள இருந்த இரும்பையே கழற்றி எறிகிறோம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. போதாததற்கு, இலகுவான ஃபிளைவீலில் புறப்படும்போது எஞ்சின் அணைந்துவிடும் என்ற பயத்தில் சுற்றைக் கூட்டியே விடுவோம். செப்பாங் பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் காருக்குப் பொருந்தும். தினமும் கூட்டரசு நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகும் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிளேட்டில் தேயக் கிடைக்கும் தடிமனும் குறைவு. புதிய பிளேட் எட்டு மில்லிமீட்டர் அளவில் இருந்தாலும், லைனிங்கைப் பிடித்திருக்கும் ரிவெட் தலைக்கு மேலே உள்ள பகுதி இரு பக்கமும் சேர்த்து இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்தான். ரிவெட் தலை 0.3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வந்துவிட்டால் பல ஜப்பானியக் கையேடுகள் பிளேட்டை மாற்றச் சொல்கின்றன. அதற்கு மேல் ஓட்டினால் ரிவெட் ஃபிளைவீலில் வட்டக் கோடு கிழிக்கும். பிளேட்டோடு முடிய வேண்டிய செலவு ஃபிளைவீல் வரை போகும்.

இனி ஓட்டும் முறை. நெரிசலில் முன்னால் உள்ள காரோடு ஒட்டிக்கொண்டே அங்குலம் அங்குலமாக நகர வேண்டாம். ஒரு காரளவு இடைவெளி விழும்வரை நியூட்ரலில் நில்லுங்கள்; பிறகு கிளட்சை முழுதாக விட்டு, முதல் கியரிலேயே சுற்றைக் கீழே வைத்து உருளுங்கள். இடையில் யாராவது நுழைவார்கள், நுழையட்டும். ஒரு கார் பின்தங்குவது புதிய கிளட்சைவிட மலிவு. ஏற்றத்தில் எப்போதும் கைப்பிரேக். கிளட்ச் பிடிக்கும் இடத்தில் காரின் மூக்கு லேசாகத் தாழும் அல்லது நிமிரும். அதை உணர்ந்தபின் கைப்பிரேக்கை விட்டால் ஒரு விநாடிக்குள் வேலை முடிந்துவிடும். ரிவர்ஸில் ஏற்றம் ஏறுவதுதான் ஆகக் கொடுமையான வேலை. கொண்டோமினியத்தில் உங்கள் கார் நிறுத்துமிடம் மேல்நோக்கிய சாய்வில் இருந்தால் முன்பக்கமாக நுழையுங்கள். வெளியே வரும்போது சரிவில் தானாக உருளும்.

சிவப்பு விளக்கில் முதல் கியரில் பெடலை மிதித்தபடி நிற்பதால் பிளேட் தேய்கிறது என்று பலர் நம்புகிறார்கள். பெடல் முழுதாக மிதிபட்டிருந்தால் பிளேட் விடுபட்டே இருக்கிறது, தேயாது. தேய்வது, மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கும், எஞ்சின் உள்ளே கிராங்க் ஷாஃப்டை முன்பின் நகராமல் பிடிக்கும் திரஸ்ட் வாஷரும். கனமான பிரஷர் பிளேட் பூட்டிய கார்களில் இந்த வாஷர் தேய்ந்து எஞ்சினையே இறக்க வேண்டி வந்ததுண்டு. நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிடுவது இரண்டுக்கும் நல்லது. ஓடும்போது பெடல்மேல் காலைச் சும்மா வைத்திருப்பதோ பிளேட், பேரிங் இரண்டையும் தின்னும்.

தைப்பூசத்துக்கு பத்துமலைப் பக்கமோ, தீபாவளிக்கு முந்தைய வார இறுதியில் பிரிக்பீல்ட்ஸ் பக்கமோ போவதாக இருந்தால் ரயிலே உத்தமம். காரில்தான் போவேன் என்றால் ஆட்டோமேட்டிக் கார் எடுத்துப் போங்கள். சிரிக்கச் சொல்லவில்லை, எம்ஆர்ஆர்2 சுற்றுச்சாலை நெரிசலில் அந்த இரவு ஒரு கிளட்சுக்கு ஆறு மாத ஆயுள்.

செப்பாங் சுற்றுப்பாதையில் ஓட்டினால் கிளட்ச் போய்விடும் என்ற அச்சமும் பாதிதான் உண்மை. 5.543 கிலோமீட்டர் சுற்றில் கியர் மாற்றும்போது கிளட்ச் வழுக்குவது கண்ணிமைக்கும் நேரம். சுற்றைச் சரிப்படுத்தாமல் மேல் கியருக்கு மாற்றினாலும் சுமார் 3 கிலோஜூல்தான், ஒருமுறை புறப்படும் வெப்பத்தில் பாதிகூட இல்லை. கீழ் கியருக்கு வரும்போது ஆக்சிலேட்டரைத் தட்டி சுற்றைச் சேர்த்துவிட்டால் அதுவும் இல்லை. பிட்டிலிருந்து பாய்ந்து புறப்படுவது, திரும்பத் திரும்ப நின்று பாயும் பயிற்சி, டிரிஃப்டில் கிளட்சை உதைப்பது, இவைதான் தின்கின்றன. கெந்திங் மலைக்கும் இதே நியாயம். கோத்தோங் ஜெயாவுக்கு மேலே தாராளமாக ஏறுங்கள், ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் ஆகாது. விடுமுறை நாளில் மேலே வரிசை நின்றால்தான் ஆபத்து.

எல்லாக் காரிலும் ஒரே மாதிரிக் கிளட்ச் இல்லை. மேனுவல் கார்களில் ஆயுள் உங்கள் இடது காலில் இருக்கிறது. பெடல் இல்லாத கார்களில்தான் குழப்பம். 1997-இல் எஃப்355-இல் ஃபெராரி கொண்டுவந்து பிறகு 360, எஃப்430-இலும் வந்த எஃப்1 கியர் பெட்டி, லம்போர்கினி கல்லார்டோவின் இ-கியர், 2011-இல் வந்த லம்போர்கினி அவென்டடோரின் ஐஎஸ்ஆர், இவை எல்லாம் ஆட்டோ கியர் அல்ல. உள்ளே இருப்பது மேனுவல் பெட்டியும் உலர் கிளட்சும். கால் செய்வதை ஹைட்ராலிக் பம்பும் கணினியும் செய்கின்றன. இதை ஆட்டோ கார்போல ஓட்டுபவர்கள்தான் 10,000 கிலோமீட்டரில் கிளட்சை முடித்துவிடுகிறார்கள். ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டால் கணினி கிளட்சை நீண்ட நேரம் வழுக்கவிட்டு மெதுவாக நகர்த்தும். இடம் கிடைத்ததும் தயங்காமல் மிதித்து, கிளட்சைப் பிடிக்கவிட்டு, பிறகு விடுவதுதான் இந்தக் கார்களுக்குச் சரி. ஊர்வதற்கு ஆட்டோ மோடு வேண்டாம். நீண்ட நிறுத்தத்தில் நியூட்ரல். ரிவர்ஸ் பார்க்கிங்கில் ஐந்தாறு முறை முன்னும் பின்னும் நகர்த்துவதைவிட, கொஞ்சம் தள்ளி விசாலமான இடம் தேடுவது லாபம்.

இத்தகைய கார் வாங்கும்போது சோதனைக் கணினியை இணைத்துக் கிளட்ச் தேய்மானத்தைச் சதவீதத்தில் படிக்கலாம். கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கும்போதைய நிலையை, புதிதாகப் பூட்டியபோது பதிந்த நிலையோடு ஒப்பிட்டு அந்த எண் வருகிறது. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பழைய பிளேட்டை மாற்றாமலே "புதிய கிளட்ச்" என்று கணினியில் பதிந்துவிட்டால் தேய்மானம் பூஜ்யம் என்று காட்டும். புதிதாகப் பூட்டிவிட்டுப் பதியாமல் விட்டால் நல்ல கிளட்சும் தேய்ந்ததாகக் காட்டும். எண்ணை மட்டும் பார்க்காமல், கடைசியாக மாற்றிய தேதி, அப்போதைய கிலோமீட்டர், ரசீது மூன்றையும் கேளுங்கள். கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் புள்ளியை இத்தாலியர்கள் பிஐஎஸ் என்பார்கள். இந்த மதிப்பு தவறாக இருந்தால் புதிய கிளட்சும் புறப்படும்போது உதறும் அல்லது அதிகமாக வழுக்கும். மாற்றிய கையோடு இதைக் கற்பித்துப் பதிய வேண்டும். கருவி இல்லாத பட்டறையில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. ஓட்டுநர் கதவைத் திறந்ததும் பின்னால் பம்ப் ஓடும் சத்தம் இயல்பு. ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் அது ஓடினால் அழுத்தம் சேமிக்கும் அக்யூமுலேட்டரைச் சந்தேகியுங்கள்.

ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒன்றும் இரட்டைப்படைக் கியர்களுக்கு ஒன்றுமாக இரண்டு கிளட்ச் உள்ள இரட்டைக் கிளட்ச் பெட்டி வேறு சாதி. 2007-இல் வந்த நிசான் ஜிடி-ஆர் ஆர்35, 2008-இல் 911-க்கு வந்த பிடிகே பெட்டி, அதே வருடத்து ஃபெராரி கலிஃபோர்னியா, பிறகு 458, 2014-இன் லம்போர்கினி ஹுராகான், இவற்றின் கிளட்சுகள் எண்ணெயில் நனைந்து ஓடுகின்றன. வெப்பத்தை எண்ணெய் எடுத்துப் போகிறது. உலர் கிளட்சைவிடப் பல மடங்கு ஆயுள். நெரிசல் ஊருக்கு இதுதான் பொருத்தம். தேய்வதே இல்லை என்று அர்த்தமில்லை, தேய்ந்த துகள் எண்ணெயில் சேர்கிறது. ஜிடி-ஆரில் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே எண்ணெய். டிராக்கில் ஓடும் கார் என்றால் கையேட்டில் சொன்ன இடைவெளிக்கு முன்பே மாற்றுங்கள், திரையில் பெட்டி எண்ணெயின் வெப்பத்தைக் கவனியுங்கள். ஜிடி-ஆரின் தொடக்க வருடங்களில், நின்ற நிலையிலிருந்து கணினியே காரைப் பாய விடும் லாஞ்ச் கண்ட்ரோலால் பெட்டிகள் உடைந்து உத்தரவாதச் சண்டைகள் வந்தன. 2009-இல் நிசான் மென்பொருளை மாற்றிப் புறப்படும் சுற்றைக் குறைத்தது. 911-இன் பிடிகேயில் கிளட்ச் எண்ணெய் வேறு, கியர் எண்ணெய் வேறு. ஒன்றை மாற்றி மற்றதை மறந்த சர்வீஸ் ரசீதுகள் சாதாரணம், வாங்கும்போது இரண்டும் எழுதியிருக்கிறதா பாருங்கள். "இரட்டைக் கிளட்ச்" என்று எழுதியிருப்பதெல்லாம் நனைந்ததுமில்லை. ஃபோக்ஸ்வேகனின் ஆறு கியர் டிகியூ250 எண்ணெயில் ஓடும், ஏழு கியர் டிகியூ200 உலர்.

இன்னொரு ஓரத்தில் போர்ஷே கரேரா ஜிடி நிற்கிறது. 169 மில்லிமீட்டர் விட்டத்தில் செராமிக் கூட்டுப்பொருள் இரட்டைப் பிளேட். எஞ்சினைத் தரையோடு தாழ்த்தி வைக்கவே அவ்வளவு சிறிய கிளட்ச். ஆக்சிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மெல்ல விட்டால் எஞ்சின் தானாகச் சமாளித்து நகரும். பழக்கத்தில் மிதித்தவர்களுக்கு எஞ்சின் அணைந்ததுதான் மிச்சம்.

கிளட்ச் முடியப்போகிறது என்பதற்கு முதல் அறிகுறியைச் சத்தத்தில் தேடாதீர்கள். மூன்றாம் அல்லது நான்காம் கியரில் 2,000 சுற்றில் சமதரையில் போய்க்கொண்டே முழுதாக மிதியுங்கள். சுற்று முள்ளும் வேக முள்ளும் சேர்ந்தே ஏற வேண்டும். சுற்று மட்டும் 500, 800 என்று எகிறி, பிறகு வேகம் வந்து சேர்ந்தால் வழுக்குகிறது. டர்போ காரில் முறுக்கு உச்சத்துக்கு வரும் இடத்தில் முதலில் தெரியும். மெதுவாக ஓட்டினால் மாதக்கணக்கில் மறைந்தே இருக்கும். சோதனையை ஒருமுறை செய்தால் போதும், நண்பர்களுக்குக் காட்ட நான்கு முறை செய்தால் மிச்சமிருந்த லைனிங்கும் போகும். கைப்பிரேக்கை இழுத்து நான்காம் கியரில் கிளட்சை விட்டுப் பார்க்கும் பழைய வித்தை வேண்டவே வேண்டாம்.

பெடல் முன்பைவிடக் கனமாகிவிட்டதா? அதுவும் தேய்மானம்தான். பிளேட் மெலிந்தால் பிரஷர் பிளேட்டின் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் கோணம் மாறி, விடுவிக்க அதிக விசை கேட்கும். தானாகச் சரிசெய்துகொள்ளும் வகைக் கிளட்ச் பூட்டிய பிஎம்டபிள்யூ போன்றவற்றில் இந்தக் கனம் தெரியாது, அதை நம்பி இருக்க முடியாது. பெடல் பாதியில் தளர்ந்து, கியர் விழ மறுத்தால் பிளேட்டை நோகாதீர்கள். முதலில், பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர்களையும் அவற்றின் எண்ணெயையும் பாருங்கள். இந்த ஹைட்ராலிக் எண்ணெய் (டாட் 4) காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர் ஈரத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது சரி. பெடலை மிதிக்கும்போது மட்டும் கரகரவென்றால் ரிலீஸ் பேரிங். விட்டிருக்கும்போது கரகரத்து, மிதித்தால் அடங்கினால் கியர்பாக்ஸ் முன் பேரிங்.

வார இறுதிக் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. திடீர் வெள்ளத்தில் நீர் புகுந்த காரை அப்படியே வாரக்கணக்கில் நிறுத்தினால், பிளேட் ஃபிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். பெடலை மிதித்தாலும் கியர் விழாது. எஞ்சினைச் சூடாக்கி அணைத்து, காலியான இடத்தில் இரண்டாம் கியரில் போட்டு, பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை மிதித்தும் விட்டும் உலுக்கினால் பெரும்பாலும் விடும். வீட்டு வாசலில், சுவரைப் பார்த்தபடி இதைச் செய்யாதீர்கள்.

எஞ்சின் மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டும் ரீமேப் செய்தவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. கிளட்ச் தாங்கும் முறுக்கு என்பது உராய்வெண், பிரஷர் பிளேட்டின் அழுத்தம், உராயும் முகங்களின் எண்ணிக்கை, சராசரி ஆரம் நான்கின் பெருக்கல். 0.3, 8,000 நியூட்டன், இரண்டு முகம், 0.1 மீட்டர் என்றால் 480 நியூட்டன் மீட்டர். 380 தரும் எஞ்சினுக்கு இது நிம்மதி. மென்பொருளில் 480-க்கு ஏற்றிவிட்டால் கையிருப்பு பூஜ்யம். சூடேறி உராய்வெண் கொஞ்சம் இறங்கினாலும் வழுக்கும். ஆகவே "ரீமேப் பண்ணியதும் கிளட்ச் போச்சு" என்று புலம்புவதில் பொருளில்லை, அது முன்கூட்டியே தெரிந்த செலவு. தீர்வாக அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டும் நல்ல ஆர்கானிக் பிளேட்டும் முதலில். அதற்கும் மேல் என்றால் இரட்டைப் பிளேட், முகங்கள் நான்காகும். இதழ் இதழாக இருக்கும் செராமிக் பட்டன் பிளேட் வெப்பம் தாங்கும், ஆனால் பிடித்தால் பிடித்தது விட்டால் விட்டது. நெரிசலில் உதறி எடுக்கும், ஃபிளைவீலையும் அரிக்கும். வேலைக்குப் போகும் காரில் அதைப் பூட்டி விற்பனைக்குப் போட்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

மாற்றும் வேலையில் கூலிதான் பெரிது, கியர்பாக்ஸ் இறங்க வேண்டும். இறக்கிய பிறகு பிளேட்டை மட்டும் மாற்றுவது கஞ்சத்தனம் அல்ல, முட்டாள்தனம். பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங்கை நகர்த்தும் ஃபோர்க்கின் குமிழ், கிராங்க் பின் சீல் எல்லாம் அந்த ஒரே கூலியில் முடியும். கூட்டுக்குள்ளேயே ஹைட்ராலிக் ரிலீஸ் பேரிங் இருக்கும் 360, எஃப்430 போன்றவற்றில் அதன் சீல்களும் சேர வேண்டும். ஃபிளைவீல் ஒற்றை வகை என்றால் கடைசல் பட்டறையில் முகம் சீவலாம், சுற்றும்போது முகம் ஆடும் அளவு (ரன்அவுட்) 0.1 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். இரு துண்டாக, நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டை நிறை ஃபிளைவீலைப் பொதுவாகச் சீவக் கூடாது. கையால் திருப்பி ஆட்டம் பார்த்து, கையேட்டு அளவுக்கு மேல் இருந்தால் முழுதாக மாற்ற வேண்டும்.

எவோ 4 முதல் 9 வரை இழுக்கும் வகைக் கிளட்ச். பேரிங் டயஃப்ரமில் மாட்டியிருக்கும். அதை முதலில் நெம்பி விடுவிக்காமல் கியர்பாக்ஸைப் பிடித்து இழுத்தால் ஃபோர்க் வளையும் அல்லது உடையும். ஃபோர்மன் புதியவர் என்றால் இதைக் கேட்டுவிடுங்கள். பூட்டும்போது ஃபிளைவீலையும் பிரஷர் பிளேட்டையும் பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும், புதியதில் துரு வராமல் பூசிய எண்ணெய் இருக்கும். பிளேட் ஏறும் கியர்பாக்ஸ் தண்டின் பல்வரிசையில் (ஸ்பிளைன்) கிரீஸ் ஒரு படலம் போதும். அள்ளிப் பூசினால் சுழற்சியில் தெறித்து லைனிங்கில் விழும், முதல் நாளிலிருந்தே உதறும். மையப்படுத்தும் கருவி வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் முழுதாக இறுக்கினால் பிரஷர் பிளேட் கோணலாகிவிடும். தானாகச் சரிசெய்யும் வகைக்கு அதற்கான கருவி தேவை, இல்லையென்றால் பூட்டும்போதே சரிசெய்யும் வளையம் நகர்ந்து புதிய கிளட்ச் பழையதாகத் தொடங்கும். கியர்பாக்ஸ் வெளியே இருக்கும்போது யாரும் கிளட்ச் பெடலை மிதிக்கக் கூடாது, ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே பிதுங்கும்.

புதிய கிளட்சுக்கு முதல் 500 முதல் 1,000 கிலோமீட்டர் சாதாரண ஊர் ஓட்டம் தேவை. நெடுஞ்சாலையில் 500 போனால் அது கணக்கில் வராது, பிடித்து விடும் எண்ணிக்கைதான் முகங்களைப் படிய வைக்கிறது. அதுவரை பாய்ச்சலும் முழு டர்போவும் வேண்டாம்.

பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரிவெட்வரை சீராகத் தேய்ந்திருந்தால் நியாயமான முடிவு. லைனிங் பளபளவென்று கண்ணாடியாக, ஃபிளைவீலில் நீலத் திட்டும் மயிரிழை விரிசலும் இருந்தால் ஓட்டியவரின் கால் காரணம், புதியதும் அதே கிலோமீட்டர்தான் வரும். எண்ணெய் படிந்திருந்தால் அது எஞ்சின் எண்ணெயா கியர் எண்ணெயா என்று முகர்ந்து பார்த்துக் கண்டுபிடித்து, பூட்டுவதற்கு முன்பே அந்தச் சீலை மாற்றச் சொல்லுங்கள். பூட்டிய பிறகு கசிந்தால் கியர்பாக்ஸை மறுபடி இறக்கும் கூலி உங்கள் தலையில்தான்.